குறட்டை நிற்கும்போதுதான் கவனிக்கணும்

குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்து "ஆள் அசந்து தூங்குறார், எழுப்பாதே" என்று சொல்வது நமக்கெல்லாம் பழக்கம். ரொம்ப நாளாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் பல பேர் விஷயத்தில் அந்த ஆள் அசந்து தூங்கவே இல்லை. இரவு முழுக்க மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருக்கிறார், அப்படி அல்லாடுவது அவருக்கே தெரியாது. காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் அண்ணனுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, அண்ணிதான். "நைட்டுல மூச்சு நிக்குதுங்க உங்களுக்கு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அண்ணன் எரிந்து விழுவார். ஒரு தடவை அவர்கள் வீட்டில் தங்கியபோது நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிட்டது. சத்தம்தான் நின்றதே தவிர உடம்பு நிற்கவில்லை: வயிறு மேலே எழும்போது மார்பு உள்ளே அமுங்குகிறது, மார்பு எழும்போது வயிறு அமுங்குகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக அசைகின்றன. கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்புக்கும் நடுவில் இருக்கிற குழி ஒவ்வொரு இழுப்புக்கும் உள்வாங்குகிறது. அவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே போகவில்லை. அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு பெரிய உறுமல், உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது, கால் உதறியது, நாலைந்து ஆழ்ந்த மூச்சு, உடனே மறுபடி குறட்டை. இத்தனைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை.

இது ஏன் நடக்கிறது என்றால், மனிதத் தொண்டையின் அமைப்பு அப்படி. அதற்குக் கீழே இருக்கிற மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன, மூக்குக்கும் எலும்புச் சுவர் உண்டு. நடுவில் இருக்கிற தொண்டையைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் தசைதான். விழுங்கவும் பேசவும் அது நெளிந்து கொடுக்க வேண்டுமே. விழித்திருக்கும்வரை மூளை அந்தத் தசைகளை விறைப்பாக வைத்திருக்கும். தூங்கியதும் பிடி தளர்கிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் தொய்கின்றன. குறுகிய வழியில் காற்று நுழையும்போது இவை அதிர்கிற சத்தம்தான் குறட்டை. வழி முழுதாக மூடிவிட்டால் அதிர ஏது காற்று, சத்தமே இருக்காது. ஆகவே, குறட்டை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைவிட அது நடுவில் அறுபடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. குறைந்தது 10 விநாடி காற்றோட்டம் நின்றால் ஒரு ஆப்னியா என்று கணக்கு. முழுதாக நிற்காமல் பாதி அடைத்து ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதுவும் கணக்கில் சேரும். மணிக்கு 5 வரை பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, 15 தாண்டினால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஆனால் உலகம் இதை ஒரு நோயாகப் பார்க்க ஆரம்பித்தே ரொம்ப காலம் ஆகவில்லை. 1965-ல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பதிவு செய்து எழுதின. 2019-ல் வந்த ஒரு கணக்கு, 30 முதல் 69 வயதுக்குள் உலகத்தில் கிட்டத்தட்ட 93 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று சொல்கிறது. இதில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

சரி, மூச்சு நின்றால் உள்ளே என்ன நடக்கிறது? நுரையீரலில் மீதி இருக்கிற காற்றுதான் அந்த நேரத்துக்குக் கையிருப்பு. மல்லாந்து படுக்கும்போது வயிறு உதரவிதானத்தை (நுரையீரலுக்கு அடியில் இருக்கிற மூச்சுத் தசையை) மேலே தள்ளுவதால் அந்தக் கையிருப்பு குறையும், உடல் எடை அதிகமானவர்களுக்கு இன்னும் குறையும். அதனால் ஒரே 20 விநாடி நின்றாலும் ஒருவருக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்தில் நிற்கும், இன்னொருவருக்கு 80-க்குப் போய்விடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினின் குணமும் இங்கே முக்கியம். மேல்மட்டத்தில் அது ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் கணிசமாகக் குறைந்தாலும் 97 என்பது 94, 93 என்றுதான் மெல்ல இறங்கும். 90-க்குக் கீழே போனால் கதை மாறிவிடும், அங்கிருந்து அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே சதவீதம் சரசரவென்று விழும். டாக்டர்கள் 90 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுவது இதனால்தான்.

அண்ணனின் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது இரவு முழுக்கப் பதிவு செய்கிற சோதனை) அறிக்கையில் மேலே மூச்சுக்கு ஒரு கோடு, கீழே ஆக்சிஜனுக்கு ஒரு கோடு. மேல்கோடு தட்டையாகிற இடத்தில் கீழ்க்கோடு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே மூச்சு திரும்ப வந்த பிறகுதான் கீழே பள்ளத்தின் அடிமட்டம் வருகிறது. முதலில் குழப்பமாக இருந்தது. விஷயம் என்னவென்றால், நுரையீரலிலிருந்து கிளம்பிய ரத்தம் இதயம் வழியாக விரல் நுனிக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், ஆகவே விரலில் மாட்டிய கருவி காட்டுவது சற்று முன்பு நடந்த சங்கதி. இது புரிந்த பிறகு அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். பக்கம் முழுக்க ரம்பப் பல் போல ஏற்றமும் இறக்கமும், ராத்திரி பூராவும் ஓய்வே இல்லை.

ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் அவரை மேலே தூக்கியது யார் என்றால், அவருடைய உடம்பேதான். கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில் சில மில்லிமீட்டரே இருக்கும் ஒரு சின்னத் திசு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த இடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதில் என்ன பங்கு வகிக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னேய் ஹேமான்ஸுக்கு 1938-க்கான மருத்துவ நோபல் கிடைத்தது. கரியமில வாயு ஏறுவதை மூளைத்தண்டு கவனிக்கிறது. இந்த இரண்டு எச்சரிக்கையோடு, மூடிய வழிக்கு எதிராக மார்பு இழுக்கிற இழுப்பும் சேர்ந்து மூளையை உலுக்குகிறது. மூளை ஒரு சில விநாடிக்குத் தூக்கத்திலிருந்து மேலெழுந்து, தொண்டைத் தசையை இறுக்கி, வழியைத் திறந்துவிட்டு, திரும்பத் தூங்கப் போகிறது. இவ்வளவு குறுகிய விழிப்பு நினைவில் பதியாது. காலையில் எதுவுமே ஞாபகம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நான் இந்தப் பதிவில் அழுத்திச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். ஆக்சிஜன் குறைவது ஒரு கெடுதல் என்றால், அதிலிருந்து காப்பாற்ற உடம்பு ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற விலை இன்னொரு கெடுதல். உயிரைக் காப்பாற்றத் தூக்கத்தை விற்கிறது. அதோடு விடுவதில்லை, ஒவ்வொரு மீட்புக்கும் ஆபத்துக் காலத்துக்கான நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூச்சு திரும்புகிற கணத்தில் இதயத் துடிப்பும் பிபியும் எகிறும். சாதாரணமாக இரவில் பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், இதயத்துக்கும் மூளைக்கும் கிடைக்கிற ஓய்வே அதுதான். இவர்களில் பலருக்கு அது இறங்குவதே இல்லை. மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிபி அடங்கவில்லை என்கிறவர்கள் தங்கள் தூக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொதுவாக மக்களுக்குத் திடீர் இதய மரணம் அதிகம் வருவது காலையில் எழுந்த பிறகான நேரத்தில். ஸ்லீப் ஆப்னியா இருப்பவர்களுக்கு அது நள்ளிரவிலிருந்து காலை 6 மணிக்குள் அதிகம் என்று 2005-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் இதயம் ஓய்வெடுக்கிற நேரம், இவர்களுக்கு அதற்கு வேலை கூடுகிற நேரம்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது. சுகராக இருக்குமோ, ப்ராஸ்டேட்டாக இருக்குமோ என்றுதான் முதலில் போவோம், அவற்றைப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அடைபட்ட தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் தாழ்ந்து, இதயத்துக்கு ரத்தம் அதிகமாக வந்து, அதன் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. தொண்டையில் அடைப்பு, விளைவு மூத்திரப்பையில். அண்ணனுக்குச் சிகிச்சை ஆரம்பித்ததும் முதலில் நின்றது இந்த எழுந்திருப்புதான்.

மலை உச்சியில் வாழ்கிறவர்களுக்கும் ஆக்சிஜன் குறைவுதானே, அவர்கள் நன்றாக இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. உயரத்தில் குறைவு நிலையாக இருக்கும். செல்கள் அதை உணர்ந்து, சிவப்பணுக்களைக் கூட்டி, நாட்கணக்கில் வாரக்கணக்கில் தங்களைச் சரிசெய்துகொள்ளும். செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூன்று பேருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஸ்லீப் ஆப்னியாவில் குறைவு நிலையாக இல்லை, இறங்குகிறது, உடனே ஏறுகிறது, திரும்ப இறங்குகிறது. ஆக்சிஜன் திடுமெனத் திரும்பி வரும்போது செல்களைச் சிதைக்கிற வேதிப்பொருட்கள் உருவாகும், ரத்தக் குழாயின் உள்சுவர் பாதிக்கப்படும், அழற்சி கூடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பழகிக்கொள்ள உடம்புக்கு அவகாசமே கிடைப்பதில்லை. இன்னொன்று, புதிதாக மலையேறிப் போனவர்களுக்கும் இரவில் மூச்சு நின்று நின்று வரும், அங்கே தொண்டை அடைபடுவது இல்லை. ஆக்சிஜன் குறைவால் வேகமாக மூச்சு விட்டு, கரியமில வாயு மிகவும் இறங்கிப்போய், மூச்சு விடு என்ற கட்டளையே சற்று நேரம் வராமல் போகும்.

மனசுக்கு நடப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அதை யாரும் நோய் என்று பார்ப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிப்போனவருக்கு மறதி வரும், கவனம் சிதறும், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கிற திறன் குறையும், சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. நினைவுகளைப் பதிகிற ஹிப்போகாம்பஸ், நிதானத்தைக் காக்கிற முன்மூளை இரண்டுமே ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தில் பாதிக்கப்படுகிற இடங்கள். பலருக்குக் கரியமில வாயு தங்கி மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதால் காலையில் எழுந்ததுமே தலை கனக்கும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "முன்ன மாதிரி இல்லை, எப்ப பார்த்தாலும் சிடுசிடுன்னு இருக்கார்." அவரே என்ன சொல்லிக்கொள்வார்? "வயசாயிடுச்சு." ஒருவருடைய குணமே மாறிவிட்டது என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்க, இரவில் அவருடைய மூளை நூறு தடவைக்கு மேல் உலுக்கி எழுப்பப்பட்டுக்கொண்டிருக்கும். எத்தனை வீட்டில் எத்தனை சண்டை இதனால் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் தூக்கம் சரியில்லையே என்று தாமாகவே தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, ஒரு பெக் போட்டால் தூக்கம் வருகிறது என்கிறவர்களும் உண்டு. மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை உலுக்கி எழுவதையும் தாமதப்படுத்தும், அதனால் மூச்சு நிற்கிற நேரம் நீளும். சில தூக்க மாத்திரைகளும் அதைத்தான் செய்யும். தயவுசெய்து காரணம் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை: சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறது என்றால் அதை வெறும் அசதி என்று தள்ளாதீர்கள்.

பெண்களுக்கு இது அடிக்கடி தப்பிப்போகிறது. பலமான குறட்டை இல்லாமல், தூக்கம் வரவில்லை, எப்போதும் சோர்வு, மனசு சரியில்லை என்ற வடிவில் வருவதால் வேறு ஏதோ என்று போய்விடும், மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பும் கூடும். குழந்தைகளிடம் இன்னும் வேறு மாதிரி. டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு திசுவும் வீங்கி வழியை அடைத்திருக்கும், வாயைத் திறந்து தூங்குவார்கள், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பார்கள், வியர்க்கும், படுக்கையை நனைப்பார்கள். பகலில் தூங்கி வழிவதற்குப் பதில் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பார்கள், பாடத்தில் மனம் போகாது. "அடங்காத பிள்ளை" என்று அடிவாங்கிய குழந்தைகளில் சிலருக்குத் தேவைப்பட்டது காது மூக்கு தொண்டை டாக்டராக இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? பகலில் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி 98 காட்டுகிறதே என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை, விழித்திருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஜப்பானில் டகுவோ அவோயாகி 1974-ல் முன்வைத்த அந்தக் கருவி ஒரு அற்புதம், ஆனால் குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அடர்ந்த தோல் நிறம் இவையெல்லாம் அதன் எண்ணைத் தவறச் செய்யலாம். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவது உண்டு. கைக்கடிகாரம் காட்டுகிற எண் ஒரு துப்பு, அவ்வளவுதான். மூச்சு, ஆக்சிஜன், மார்பசைவு, முடிந்தால் மூளை அலையும் சேர்த்து ஒரு இரவு முழுக்கப் பதிவு செய்கிற ஸ்லீப் ஸ்டடிதான் சரியான வழி, சிலருக்கு வீட்டிலேயே எளிய வடிவில் செய்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோயாளி சொல்ல முடியாத சாட்சியம் அவரிடம்தான் இருக்கிறது. செல்போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. அண்ணன் சம்மதித்ததே தன் வீடியோவைத் தானே பார்த்த பிறகுதான்.

ஆக்சிஜன்தானே குறைகிறது, சிலிண்டர் வைத்துக்கொண்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். வழி அடைபட்டிருக்கும்போது எதைக் கொடுத்து என்ன? எண் கொஞ்சம் ஏறும், ஆனால் எழுப்பிவிடுகிற எச்சரிக்கையும் மங்கி, மூச்சு நிற்கிற நேரம் சிலருக்கு நீண்டு, கரியமில வாயு சேரலாம். வேண்டியது வழி மூடாமல் இருப்பது. அதைத்தான் சிபாப் செய்கிறது: அது ஆக்சிஜன் இயந்திரம் இல்லை, அறைக் காற்றையே லேசான அழுத்தத்தோடு மாஸ்க் வழியாக அனுப்பி, தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு இதை வெளியிட்டது. எடை குறைப்பதும் நிஜமாகவே உதவும், 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சு நிற்கிற எண்ணிக்கை ஏறத்தாழ கால்பங்கு குறைந்ததை ஒரு நீண்டகால ஆய்வு காட்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் டிர்செபடைடு என்ற ஊசி மருந்துக்கு, பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்காக அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே பாதி குறையும், சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கிற பல் கருவி போதும். ஆனால் ஒல்லியானவர்களுக்கும் தாடை அமைப்பால் இது வரும், அவர்களிடம் போய் எடையைக் குறை என்பது நியாயமே இல்லை.

மாஸ்க் பழகுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். மூக்கு வறண்டுபோகும், ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், முகத்தில் தடம் விழும், முதலில் மூச்சு முட்டுவது போலவே இருக்கும். அளவு சரியில்லாத மாஸ்க்கால் வெறுத்து, இயந்திரத்தையே மூலையில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். அளவை மாற்றிக் கேளுங்கள், ஈரப்பதமூட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், பகலில் டிவி பார்க்கும்போது சும்மா மாட்டிப் பழகுங்கள். ஏனென்றால் எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேருக்கும் மேல் சேர்த்து நடத்தி 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிபாப் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகலில் தூங்கி வழிவது குறைந்ததும் மனநிலை மேம்பட்டதும்தான் மிச்சம். அவர்கள் சராசரியாக அதைப் போட்டது இரவுக்கு 3.3 மணி நேரம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அந்த எண் உறுத்துகிறது. கனவு வருகிற தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம், அந்தக் கட்டத்தில் தசைகள் ஏறக்குறைய முழுதாகச் செயலிழந்து கிடப்பதால் மூச்சு நிற்பதும் நீளம், ஆக்சிஜன் இறங்குவதும் ஆழம். பன்னிரண்டு மணிக்கு மாட்டி மூன்று மணிக்குக் கழற்றிவிடுகிறவர், ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில் அது இல்லாமல் தூங்குகிறார். மதியம் குட்டித் தூக்கம் போடும்போதும் மாட்டிக்கொள்ள வேண்டும். இதை அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் படித்துச் சொன்னேன்.